செவுள் பார்த்த காளான்

சாயங்காலம் போன் வந்தபோது தமிழ்ச்செல்வி கொடியில் காய்ந்த துணிகளை உருவிக்கொண்டிருந்தாள். ஊரிலிருந்து அம்மா ஞானாம்பாள். சிதம்பரத்துக்கு மேற்கே, வாய்க்கால் கரையில் அவர்கள் ஊர். பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரி அடங்கிய குரலில் பேசினாள் அம்மா.

“செல்வி, அப்பாவுக்கு நாளைக்கு கடலூர் கோர்ட்டுல வாய்தா. முடிச்சிட்டு உன் வூட்டுக்கு ஒரு எட்டு வரேன்னாருடி. நான் கேக்கல. அவரு வாயாலயே சொன்னாரு.”

செல்வியின் கையிலிருந்த துணி நழுவி மண்ணில் விழுந்தது. கல்யாணமாகி இரண்டு வருஷம். அப்பா கொளஞ்சியப்பன் இந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்ததில்லை. ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் எதிரே வந்தபோதுகூட, மகளைப் பார்த்ததும் மண்டபத்துக் கடிகாரத்தில் மணி பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

“சாப்புடுவாராம்மா?”

அம்மா குரலை இன்னும் தாழ்த்தினாள்.

“புரட்டாசி மாசம்டி. கவுச்சி படாது. அதோட… புளிசோறு கட்டித் தரச் சொல்லியிருக்காரு. அங்க வந்து குந்தி அதத் துன்னுட்டு வந்துருவாரு போலருக்கு. நீ மனசுல வெச்சிக்காத.”

மனசில் வைத்துக்கொள்ளாமல் வேறே எங்கே வைப்பது? வராமலே இருந்தால் ஒரு வருத்தம். வந்து, மகள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, தன் தூக்கைத் திறந்து தன் சோற்றைத் தின்றுவிட்டுப் போனால்? அது ஊர் அறியக் கதவைச் சாத்துகிற மாதிரி அல்லவா. தன் கையால் ஒரு வாய் அவர் சாப்பிட வேண்டும். அது நடந்துவிட்டால் பாக்கியெல்லாம் தானாக நடக்கும் என்று செல்வி நினைத்தாள்.

கொளஞ்சியப்பன் பொல்லாதவர் இல்லை, பிடிவாதக்காரர். நிலத்தை உழுது சாப்பிட்ட குடும்பம். மகள் கடலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் கடையில் வேலைக்குப் போனாள். பத்து ரூபாய்க்கு ரீசார்ஜ் பண்ண வந்த ஜெயசீலன், தினமும் பத்துப் பத்து ரூபாயாகவே ரீசார்ஜ் பண்ண வந்தான். தேவனாம்பட்டினத்துப் பையன், படகில் போகிறவன். “மீன் முள்ளப் பொறுக்கவா ஒன்ன வளத்தேன்” என்று அன்றைக்குச் சொன்னவர்தான் கொளஞ்சியப்பன். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. அதுதான் செல்விக்கு ஆறவில்லை.

விஷயத்தைக் கேட்ட மாமியார் தைலம்மாள் எழுந்து வாசலுக்கு வந்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். வரும்போது கையில் ஒரு புது மண்சட்டி.

“நம்ம வூட்டுச் சட்டி எல்லாத்துலயும் மீன் வாடை அடிக்கும். அந்த மனுசன் மூக்கு நல்ல மூக்காத்தான் இருக்கும். இதுல ஆக்கு” என்றாள்.

“என்னா ஆக்குறது அத்த? கத்திரிக்காயா? அது அவரு தோட்டத்துலயே காய்க்குது.”

“என்னக் கேட்டா? நான் கண்டதெல்லாம் மீனு. வேற என்னா சொல்லுவேன்!”

ராத்திரி இடியும் மழையுமாகக் கொட்டியது. இடிச் சத்தம் கேட்கக் கேட்க செல்விக்கு ஊர் நினைவு வந்தது. புரட்டாசியில் இப்படி இடித்தால், விடிந்ததும் அப்பா முறத்தோடு வரப்புக்குப் போவார். அவர்களுக்கென்று மூன்றாவது வரப்பில் ஒரு புற்று உண்டு. அதில் வெள்ளை வெளேரென்று காளான் கிளம்பி நிற்கும். கவுச்சி தொடாத மாதத்தில் அந்த வீட்டுக்கு அதுதான் கறி. மிளகு அரைத்துப் போட்டு அம்மா வைத்தால், அப்பா வழக்கத்தைவிட ஒரு பிடி சோறு அதிகமாகக் கேட்பார்.

விடிந்து பார்த்தால், உங்களுக்குச் சொன்னால் நம்பமாட்டீர்கள், குடியிருப்புக்குப் பின்னால் புல்தரையில் குடை குடையாக நின்றது.

சுனாமிக்கு அப்புறம் கட்டிக்கொடுத்த குடியிருப்பு அது. தாழ்ந்த நிலம் என்று லாரி லாரியாகச் செம்மண் கொண்டுவந்து கொட்டி மேடாக்கியிருந்தார்கள். செல்விக்கு அந்த மண்ணைப் பார்த்தாலே ஒரு ஒட்டுதல். கடற்கரை மணலில் தனக்கு எதுவும் பிடிபடவில்லை, இந்த மண்ணாவது நம்ம பக்கத்து மண் மாதிரி இருக்கிறதே என்று நினைப்பாள். இப்போது அந்த மண்ணே அவளுக்காகக் காளானை நீட்டிக்கொண்டு நின்றது.

குனிந்து பிடுங்கினாள். ஊரில் காளானைப் பிடுங்கினால் வேர் நீளமாகப் புற்றுக்குள் போய்க்கொண்டே இருக்கும். இது பொசுக்கென்று வந்துவிட்டது. கொட்டின மண்தானே, அதனால் வேர் விட இடமில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். தலையில் பழுப்பாகச் செதில் செதிலாக ஒட்டியிருந்தது. மழையில் தெறித்த அழுக்கு என்று வைத்துக்கொண்டாள். ஒன்றிரண்டில் எறும்பு ஊர்ந்தது. எறும்பு தின்றால் மனுஷனும் தின்னலாம் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறாள். மனசு ஒன்றை ஆசைப்பட்டுவிட்டால், கண் அதற்குத் தோதாகத்தானே பார்க்கும்.

விரியாத குண்டுக் காளான்களைச் சமையலுக்கு எடுத்தாள். பெரிதாக விரிந்த மூன்றை அப்பாவுக்குக் காட்ட ஆசைப்பட்டு, காம்பைக் கிள்ளிவிட்டு, வெள்ளைப் பீங்கான் தட்டில் குடை விரித்த மாதிரி கவிழ்த்து ஜன்னலோரம் வைத்தாள்.

எதற்கும் இருக்கட்டும் என்று சோதனையும் செய்தாள். இரண்டு துண்டை மஞ்சள்தூள், ஒரு கை அரிசியோடு கொதிக்க விட்டாள். விஷமாக இருந்தால் அரிசி கறுக்கும் என்பது ஊர்ப்பேச்சு. அரிசி மஞ்சளாகவே வெந்தது. பிறகென்ன? சின்ன வெங்காயம் உரித்தாள், மிளகு அரைத்தாள், புதுச்சட்டி அடுப்பில் ஏறியது.

தைலம்மாள் விடியுமுன்பே கூடையோடு மீன் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். காற்று சரியில்லை என்று ஜெயசீலன் அன்று கடலுக்குப் போகவில்லை. மாமனாரைக் கூட்டிவர பைக்கை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனான்.

உச்சி வேளைக்குப் பைக் வந்தது. வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாகக் கொளஞ்சியப்பன் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் இரண்டடுக்குத் தூக்கு. மறு கை மாப்பிள்ளையின் தோளைத் தொடாமல், சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியை இறுகப் பிடித்திருந்தது. ஜெயசீலன் மனைவியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, வாயில் விரலை வைத்துக் காட்டினான். வழியெல்லாம் ஒரு வார்த்தை இல்லை என்று அர்த்தம்.

“வாங்கப்பா.”

“ம்.”

“வாய்தா என்னாச்சுப்பா?”

“தள்ளிப் போட்டுட்டான். ஐப்பசிக்கு.” வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். “காங்கிரீட்டு நல்லாத்தான் போட்ருக்கான்” என்றார். பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தூக்கைத் தன் முன்னால் வைத்தார்.

அந்தச் சமயம் அடுப்பங்கரையிலிருந்து மிளகும் காளானும் சேர்ந்த வாசனை கூடத்துக்கு வந்தது. கொளஞ்சியப்பன் தலையைத் தூக்கினார்.

“என்னாது?”

“காளான்ப்பா. நேத்து இடி இடிச்சிதில்ல. பின்னால கெடச்சிது.”

“இங்கியா? காளானா?” அவர் முகம் மாறியது. எத்தனை அடக்கினாலும் உதட்டோரம் ஒரு விரிசல் விட்டது. “மொளவு போட்டியா?”

“அம்மா போடுற மாரியேதான்.”

கொளஞ்சியப்பன் கொஞ்ச நேரம் தூக்கையே பார்த்தார். அப்புறம் அதைக் கையால் தள்ளிச் சுவரோரம் வைத்தார். “சரி, ஒரு வாய் போடு” என்றார்.

செல்வி இலை போட்டாள். ஜெயசீலன் தண்ணீர்ச் சொம்பைக் கொண்டுவந்து வைத்தான். சோறு விழுந்தது. சட்டியை இறக்கிக்கொண்டு வந்தாள். கரண்டி உள்ளே போகிற நேரத்தில் வாசலில் ஷேர் ஆட்டோ நின்றது. காலிக் கூடையோடு தைலம்மாள் இறங்கினாள்.

“வாங்க சம்மந்தி, வாங்க. வண்டி கெடைக்கல, நேரமாயிடுச்சி.” கையைக் கழுவிக்கொண்டே உள்ளே வந்தவள் ஜன்னலோரம் இருந்த தட்டைப் பார்த்தாள். “இது என்னா, காளானா? இவ்ளோ பெருசா?”

மீன்காரி கை சும்மா இருக்குமா? எந்த மீனைக் கண்டாலும் முதலில் செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் பழக்கம். கண் தெளிவாக இருக்கும், செதில் மினுமினுக்கும், எல்லாம் ஏமாற்றும், செவுள் மட்டும் ஏமாற்றாது என்பாள். அந்தப் பழக்கத்தில் ஒரு காளானை எடுத்துத் திருப்பினாள். அடியில் அடுக்கடுக்காக, சீப்பு மாதிரி, செவுளேதான்.

“செல்வி. கரண்டிய வைய்யி.”

“என்னா அத்த?”

“செவுளு பச்சையா இருக்குது.”



“காளானுக்கு ஏதும்மா செவுளு” என்றார் கொளஞ்சியப்பன். குரலில் சூடு ஏறியிருந்தது.

“எனக்குத் தெரிஞ்ச பேரு அதான் சம்மந்தி. மேல பாத்தா பால் மாரி வெள்ள. அடியில பாசி மாரிப் பச்ச. இப்புடி ஒரு மீன் வந்தா நான் கூடையிலயே ஏத்தமாட்டேன்.”

“மீன் வேற, காளான் வேற. பொறந்ததுலேர்ந்து நான் துன்னுறேன். சாப்புடலாம்னு குந்துனவன எழுப்பி வுடுறதுன்னா நேரா சொல்லிடுங்க. சோறு இருக்குது எங்கிட்ட.” அவர் கை சுவரோரம் இருந்த தூக்கின் பக்கம் போனது.

“யம்மா, நீ சும்மா இரேன்” என்றான் ஜெயசீலன், பாதிக் கெஞ்சலாக.

“நான் ஏண்டா சும்மா இருக்கணும்? நான் காளானக் கண்டனா, கத்திரிக்காயக் கண்டனா? எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாத சாமான வூட்டுக்கு வந்த மனுசனுக்கு எப்புடிடா போடுறது?”

எல்லாரும் செல்வியைப் பார்த்தார்கள். கரண்டி இன்னும் சட்டிக்குள்தான் இருந்தது. இரண்டு வருஷமாக அவள் காத்திருந்த ஒரு வாய், கரண்டியில் ஏறி நின்றது. மாமியார் சொல்வது வீண் பயமாக இருந்தால்? இப்போது கொட்டிவிட்டால் அப்பா எழுந்துவிடுவார். ஐப்பசி வாய்தாவுக்கு இந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டார்.

அவள் கண் சட்டியின் மேல் நின்றது. செம்மண் நிறம் மாறாத புதுச்சட்டி. அப்பா இங்கே சாப்பிட வேண்டும் என்று, தன்னைப்போலவே நினைத்த இன்னொருத்தி வாங்கி வந்த சட்டி. இவள் போய்க் காரணமில்லாமல் அவர் வாய்க்கு வருவதைத் தட்டிவிடுவாளா?

செல்வி சட்டியைத் தூக்கினாள்.  பின்பக்கம் போய் மண்வெட்டியால் குழி தோண்டி, குழம்பைக் கொட்டினாள், சட்டியையும் உள்ளே போட்டு உடைத்தாள். கோழி கிளறக்கூடாது என்று மண்ணைத் தள்ளி மிதித்து மூடினாள். மிதிக்கும்போதுதான் அழுகை வந்தது.

அவள் திரும்பி வந்தபோது கொளஞ்சியப்பன் எழுந்து நின்றிருந்தார். போவதற்காக இல்லை. ஜன்னலோரம் நின்று தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீதி இரண்டு காளானையும் தூக்கியிருந்தார். அவை கவிழ்ந்திருந்த இடத்தில், வெள்ளைப் பீங்கானில், வட்டமாகப் பச்சைப் பொடி படிந்திருந்தது. யாரோ கோலமாவில் பச்சையைக் கலந்து ஊதிவிட்ட மாதிரி, மெல்லிய கோடு கோடாக.

விரலால் தொட்டுப் பார்த்தார். விரலிலும் பச்சை.

“நம்ம காளான மொறத்துல கொட்டி வெச்சா பொடி விழும்” என்றார் மெதுவாக. “உங்கம்மா மொறத்தத் தட்டறப்ப பாத்துருப்ப. அது வெளுத்த ரோசு. பன்னீர்ப்பூ கலரு. பச்ச விழுந்து நான் கண்டதே இல்ல.”

மகளைத் திரும்பிப் பார்த்தார்.

“இத எங்க புடுங்குன?”

“புல்லுலப்பா. புத்து எதுவும் இல்ல. வேரும் இல்ல. தலையில செதிலு வேற. எல்லாத்தையும் பாத்தேன்ப்பா. பாத்துட்டு, பரவால்லன்னு நெனச்சிக்கிட்டேன்.”  “அரிசி போட்டும் பாத்தேன். கறுக்கல.”

“அரிசி என்னாத்தக் கறுக்கும்? அந்தக் கதையச் சொன்னவனே என்னா ஆனானோ.” கொளஞ்சியப்பன் மறுபடி உட்கார்ந்தார். முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். “உன் மேலயும் தப்பு இல்ல. நாங்க காளானப் பாத்தா புடுங்குறோம்? எடத்தப் பாத்துப் புடுங்குறோம். என் அப்பன் புடுங்குன புத்து, நான் புடுங்குறேன். அதனால அடியத் திருப்பிப் பாக்குற வேலையே இல்ல. எடம் மாறுனா எங்களுக்குக் கண்ணு இல்ல.”

“எங்களுக்கு எடமே இல்ல சம்மந்தி” என்றாள் தைலம்மாள். “கடல்ல எங்கேருந்து வந்துச்சின்னு எந்த மீனைக் கேக்குறது? வந்தத வாங்கித் திருப்பிப் பாக்க வேண்டியதுதான்.” பிறகு ஏதோ தட்டுப்பட்டவள் போல, “ஆமா, புத்துன்னீங்களே. புத்துலதான் மொளைக்குமா அது?” என்றாள்.

“புத்துலதான்.”

“சவுக்குத் தோப்பு ஓரத்துல பழைய கரை ஒண்ணு இருக்குது. அதுல ஒரு புத்து. மழ பேஞ்சா வெள்ளக் குடை வுடும். நாய்க்கொடைன்னு நான் கூடையோட போறப்ப எத்திட்டுப் போவேன்.”

கொளஞ்சியப்பன் அவளைப் பார்த்த பார்வையைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். மூட்டை நெல்லை ஆற்றில் கொட்டினேன் என்று சொன்னவளைப் பார்க்கிற மாதிரி.

“எத்துனீங்களா?”

“வருசா வருசம்.”

“அடக் கடவுளே! எழுந்திருங்க. இந்த வெயிலுக்கு வாடிப்பூடும்.”

நாலு பேரும் நடந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொளஞ்சியப்பன் முன்னால் போனார். வழி தெரியாதவர் முன்னால் போவதைப் பார்த்து ஜெயசீலன் சிரித்தான். “மாமா, இந்தப் பக்கம்” என்றான். அவர் திரும்பி அந்தப் பக்கம் நடந்தார். மாமா என்றதை மறுக்கவில்லை.

சவுக்கு நிழலில் கரை ஈரமாக இருந்தது. புற்று இடுப்பு உயரம் இருக்கும். அதன் அடிவாரத்தில், மழை கரைத்த மண்ணை முட்டிக்கொண்டு, காளான்கள் கூட்டமாக நின்றன. செதில் இல்லை. வழவழவென்று சாம்பல் வெள்ளை. ஒவ்வொரு தலையிலும் நடுவில் ஒரு சின்ன மூக்கு. கொளஞ்சியப்பன் மண்டியிட்டார். கோர்ட்டுக்குக் கட்டி வந்த வேட்டி சேறாவதை அவர் கவனிக்கவில்லை. ஒன்றைச் சுற்றி விரலால் மண்ணை விலக்கினார். தண்டு கீழே போனது, இன்னும் கீழே போனது, மெலிந்து வேராகிப் புற்றுக்குள் இறங்கியது.

“பாத்தியா? இப்புடிப் போவணும். எங்கியோ உள்ள, கரையான் வூட்டுலேர்ந்து வருது இது.”

பிடுங்கியதைத் துடைத்து, மகளிடம் கொடுக்கவில்லை. தைலம்மாளிடம் நீட்டினார்.

“நீங்க பாருங்க.”

தைலம்மாள் வாங்கித் திருப்பினாள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். விரல் நுனியால் அந்த அடுக்கைப் பிரித்தாள். முகர்ந்தாள். மார்க்கெட்டில் வஞ்சிரம் வாங்குகிறபோதுகூட அவள் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை.

“வெள்ள. லேசா ரோசு ஓடுது. வாடை நல்லாருக்கு” என்றாள். “இத ஏத்தலாம்.”

அப்படி ஒவ்வொன்றாக நடந்தது. அவர் இடத்தையும் வேரையும் பார்த்தார், அவள் அடியைப் பார்த்தாள். இரண்டு பேரும் தலையாட்டியதுதான் செல்வியின் முந்தானைக்கு வந்தது. ஜெயசீலன் வேறே எங்கிருந்தோ ஒன்றைக் கொண்டுவந்து, “இது?” என்றான். கொளஞ்சியப்பன் புற்றைக் காட்டினார், தைலம்மாள் கையைத் தட்டிவிட்டாள். “ரெண்டு கோர்ட்டுலயும் தள்ளுபடி” என்று அவன் அதைத் தூர எறிந்தான். கொளஞ்சியப்பன் சிரித்தேவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் செல்விக்கு நினைவு வந்தது. “சட்டி இல்லியே. உடச்சிட்டேனே. எல்லாம் மீன் சட்டி.”

கொஞ்சம் யோசித்தார் கொளஞ்சியப்பன். சுவரோரம் போய்த் தூக்கை எடுத்தார். மூடியைத் திறந்து, புளிசோறு முழுவதையும் இலையில் கவிழ்த்தார். காலி அடுக்கை மகளிடம் நீட்டினார்.

“இது எவர்சில்வருதான. இதுல ஆக்கு.”

மறுபடியும் வெங்காயம், மறுபடியும் மிளகு. அடுக்கு மெல்லிசாக இருந்ததால் அடி பிடிக்கப் பார்த்தது. செல்வி அடுப்பைத் தணித்துக் கிளறிக்கொண்டே நின்றாள். கூடத்தில் பேச்சுச் சத்தம் கேட்டது. புளிசோற்றில் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்ட தைலம்மாள், “யம்மாடி, என்னா கைப்பக்குவம்! சம்மந்தியம்மா கையா இது? கருவாடு ஒண்ணுதான் கொறச்சல்” என்றாள். “புரட்டாசியிலியா?” என்று கொளஞ்சியப்பன் பதறினார். “உங்களுக்குத்தான் புரட்டாசி. எனக்கு யாவாரம் படுத்துக்குற மாசம், அவ்ளோதான்” என்றாள் அவள்.

செல்வி பரிமாறினாள். அப்பா பிசைந்தார். வாயில் வைத்தார். மென்றுகொண்டே கண்ணை மூடினார். அவள் கரண்டியோடு நின்றாள்.

“உப்பு கொஞ்சம் தூக்கல்” என்றார்.

 குழி மூடும்போது வந்த கண்ணீர் இதிலும் சேர்ந்திருக்குமோ என்னவோ.

“இன்னும் ஒரு பிடி சோறு போடு” என்றார்.

சாயங்காலம் கிளம்பும்போது மீதிக் காளான் குழம்பை இரண்டாவது அடுக்கில் போட்டு மூடினாள் செல்வி. “அம்மாக்கு” என்றாள். முதல் அடுக்கின் அடி கறுத்துப் போயிருந்தது. எத்தனை தேய்த்தும் போகவில்லை.

“உங்கம்மா கேப்பா” என்றார் அதைத் திருப்பிப் பார்த்து. “பொண்ணு வூட்டு அடுப்புல வெச்சதுன்னு சொல்லிக்கிறேன்.”

“ஐப்பசியில வாய்தான்னீங்களே சம்மந்தி” என்றாள் தைலம்மாள். “அப்ப புரட்டாசி முடிஞ்சிருக்கும்.”

“முடிஞ்சிருக்கும்.”

“கொடுவா வாங்கி வெக்கிறேன்.”

“செவுளப் பாத்து வாங்குங்க” என்றார் கொளஞ்சியப்பன். தைலம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “என்னப் பாத்தா சொல்றீங்க!” என்று முறைத்தாள்.

ஜெயசீலன் பைக்கை உதைத்தான். வாசலெல்லாம் மழை பெய்த பள்ளம், வண்டி குலுங்கியது. கொளஞ்சியப்பன் ஒரு கையில் தூக்கைச் சிந்தாமல் நிமிர்த்திப் பிடித்தார். பின்கம்பிக்குப் போன மறு கை பாதி வழியில் நின்றது. பிறகு முன்னால் வந்து, மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டது.

தெருமுனை திரும்பும்வரை அவர் ஏதோ பேசிக்கொண்டே போனது செல்விக்குக் கேட்டது. புற்றை யாரும் எத்தாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார் போலிருந்தது.